ஒன்பதாவது ஜன்னல்

மோட்டார் ஹோமை வாங்க வந்தவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. டயரைத் தட்டிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே ஏறினார். படுக்கைக்குப் பக்கத்து ஜன்னலின் மடிப்புத் திரையைப் பாதி உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தார். திரை சொத்தென்று கீழே விழுந்தது. அடுத்த ஜன்னலில் தூக்கவே தேவையிருக்கவில்லை. ஒரு பக்கத்து நூல் அறுந்து, கல்யாணத்துக்கு மறுநாள் பந்தல் மாதிரி திரை சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது ஜன்னல்களையும் பார்த்து முடித்துவிட்டு, போனில் பேசியிருந்த விலையில் 2,000 டாலரைக் குறைத்துச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம்.

அது 2023 பிப்ரவரி. ஜனவரி கடைசியில் எனக்கு வேலை போயிருந்தது. அந்த மாதம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பினார்கள், நினைவிருக்கலாம். காலை ஆறு மணிக்கு ஒரு மெயில், ஆறரைக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி நமக்காக மனு போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்றக் கேட்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். மனைவி என்னைச் சார்ந்த விசாவில் இருக்கிறாள், அவளால் வேலைக்குப் போக முடியாது. மகனுக்கு ஆறு வயது, இங்கே பிறந்தவன். வீட்டில் மூன்று பேரில் அவன் ஒருவனுக்குத்தான் நாள் கணக்கு இல்லை.

ஊரில் அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு, "நடுவில ஒரு மாசம் இப்படி ஆச்சுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

*

இந்த வண்டியை நாங்கள் வாங்கியது 2021இல். அந்த வருஷம் அமெரிக்காவில் பாதிப் பேருக்கு இதே ஆசை வந்திருந்தது. மோட்டார் ஹோம், இழுத்துச் செல்லும் டிரெய்லர் எல்லாம் சேர்த்து 6 லட்சம் வண்டிகள் அந்த ஒரு வருஷத்தில் தொழிற்சாலைகளை விட்டு வெளியே போயின. அதற்கு முன்பு எந்த வருஷமும் அவ்வளவு போனதில்லை. ஊருக்குப் போனால் விசா முத்திரை கிடைத்துத் திரும்பி வர முடியுமா என்று தெரியாத காலம். இங்கேயாவது சுற்றலாமே என்று, மேசா நகரத்தில் ஒரு வயதான தம்பதியிடமிருந்து 2004ஆம் வருஷத்து வண்டி ஒன்றை வாங்கினோம். 28 அடி நீளம். இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு குளியலறை, ஒன்பது ஜன்னல்.

வண்டியை வீடியோவில் காட்டியபோது அப்பா பார்த்தவுடன் சொன்னார்: "இது பஸ்ஸு கண்ணு. பாடி கட்டின பஸ்ஸு."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கரூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்: கூரையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது, வெறும் எஞ்சினும் சக்கரமும் இரும்புச் சட்டமுமாக ஒரு லேலண்ட் சேசிஸ் நெடுஞ்சாலையில் வரும். ஓட்டுபவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு எதிர்காற்றில் உட்கார்ந்திருப்பார். சில வாரம் கழித்து அதே சேசிஸ் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயர் எழுதின பஸ்ஸாக வெளியே போகும். என் வண்டியின் கதையும் அதுதான். ஃபோர்டு கம்பெனி முன்பக்கம் டிரைவர் அறையும் பின்பக்கம் வெறும் சட்டமுமாக அனுப்பிய ஈ-450 சேசிஸ். அதன்மேல் இந்தியானா மாநிலத்தில் பாடி கட்டியிருக்கிறார்கள். அங்கே எல்க்ஹார்ட் என்று ஒரு ஊர், இந்த வண்டிகளுக்கெல்லாம் கரூர் மாதிரி.

அப்பாவின் வேலை ஜன்னல். ஷட்டர், கண்ணாடி, ரப்பர் பீடிங், கம்பி. சின்ன வயதில் அவருடன் பஸ்ஸில் போனால் உட்கார்ந்தவுடன் ஜன்னலை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். சத்தமில்லாமல் ஏறினால் ஒன்றும் சொல்ல மாட்டார். கடகடவென்றால், "இது எங்க பட்டறை இல்லை" என்பார். அவருடைய இளமையில் சில பஸ்களில் கண்ணாடியே கிடையாதாம். மழை வந்தால் சுருட்டிக் கட்டியிருக்கும் படுதாவை அவிழ்த்து இறக்க வேண்டியதுதான்.

அம்மாவும் ஜன்னலில்தான் இருந்தாள் என்று சொல்லலாம். கரூரின் இன்னொரு தொழில் வீட்டுத் துணி. படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஜன்னல் திரை எல்லாம் அங்கே தைத்து வெளிநாட்டுக்குப் போகும். அம்மா ஒரு டெக்ஸ் கம்பெனியில் திரைகளுக்கு ஓரம் அடித்தாள். பஸ் ஜன்னல் கட்டினவருக்கும் ஜன்னல் திரை தைத்தவளுக்கும் பிறந்த நான், என்ஜினியரிங் படித்து முடித்து, முப்பத்தைந்து வயது வரை ஸ்க்ரூ டிரைவரைத் தேடினால் வீட்டில் எங்கே இருக்கும் என்று தெரியாதவனாக இருந்தேன். அப்படித்தான் வளர்த்தார்கள். பட்டறைக்குள் போனால் அப்பா திட்டுவார். "கையில கிரீஸ் ஆகுறதுக்கா உன்னப் படிக்க வெக்கறேன்?"

*

வாங்க வந்தவர் போன பிறகு கணக்குப் போட்டேன். புதிய ரோலர் திரை போட ஜன்னலுக்கு 160 டாலர் கேட்டார்கள். ஒன்பதுக்கு 1,440. குறைத்துக் கேட்ட 2,000 டாலரைவிட அது குறைவுதான். சம்பளம் வந்துகொண்டிருந்தால் அன்று மாலையே ஆர்டர் போட்டிருப்பேன். என் தொழிலில் பழையதைச் சரிசெய்வதை யாரும் விரும்ப மாட்டார்கள். பழைய கோடைத் திறந்தால் முதலில் வாயில் வருவது, "இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிரலாம்" என்பதுதான். ஆனால் இப்போது 1,440 டாலர் என்பது ஒரு மாத வாடகையில் பெரும்பகுதி. ஒரு சுருள் நூல் 14 டாலர். நேரம் நிறைய இருந்தது, இலவசமாக.

அந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு துணிகள். ஒன்று மெல்லியது, பகலுக்கு. வெளிச்சம் வரும், ஆனால் வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. இன்னொன்று கெட்டியானது, இரவுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியச் சட்டம். அதை ஏற்றினால் ஒரு துணி சுருங்கி மற்றது விரியும். கீழே இன்னொரு சட்டம். எவ்வளவு தூக்கினாலும் அங்கேயே நிற்கும். பிடிப்பதற்குக் கொக்கியும் இல்லை, பூட்டும் இல்லை. அப்படியானால் எது பிடிக்கிறது?

நூல்தான் பிடிக்கிறது. உச்சிச் சட்டத்துக்குள் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அவற்றில் கட்டிய நான்கு நூல்கள் மடிப்புகளின் துளை வழியாக இறங்கி, சுவரில் திருகியிருக்கும் குமிழ்களில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வழியில் சட்டங்களுக்குள் நுழையும்போது நூல் நேராகப் போவதில்லை. இடப்பக்கத் துளையில் நுழைந்தது உள்ளேயே குறுக்காக ஓடி வலப்பக்கத் துளையில் வெளியே வருகிறது. அந்த வளைவில் ஏற்படும் உராய்வுதான் திரையை நிறுத்திவைக்கிறது. நூல் தளர்ந்தால் திரை விழும். அதிகம் இழுத்துக் கட்டினால் தூக்கவே வராது, நூலும் சீக்கிரம் தேயும். சரியாகக் கட்டியிருந்தாலும், எந்த உராய்வு திரையைப் பிடிக்கிறதோ அதே உராய்வு தினம் கொஞ்சம் நூலைத் தின்கிறது. அரிசோனா வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் நூலும் வறண்டு போகிறது. 19 வருஷம் தாங்கியதே பெரிய விஷயம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. முதல் திரையைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் போட்டபோது எனக்கு ஒன்றுமே தெரியாது. சட்டத்தின் முனை மூடியைப் பிடுங்கினேன். துணி தன் பள்ளத்திலிருந்து வழுக்கி வந்தது. ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போனது. அறுந்த நூலை உருவிப் போட்டேன். அதன் பிறகுதான் உறைத்தது: எந்த நூல் எந்தத் துளையில் போயிற்று என்று போட்டோகூட எடுக்கவில்லை. ஆபீஸில் ஒரு வரியை மாற்றினாலும் பழையதை எடுத்து வைத்துக்கொண்டுதான் மாற்றுவேன். இங்கே ஒரே இழுப்பில் எல்லாம் போய்விட்டது.

மூன்று மணி நேரம் ஏதோ ஒரு வழியில் கோர்த்தேன். மாட்டிப் பார்த்தால் திரை ஏறியது, ஆனால் கோணலாக. மாற்றிக் கோர்த்தால் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் நூல் அறுபடாத ஒரு திரையைக் கழற்றி வந்து, அதைப் பிரிக்காமல், டார்ச் அடித்துச் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்துக் காகிதத்தில் படம் வரைந்தேன். குறுக்காகப் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் மாலை முதல் திரை நின்றது. பாதி உயரத்தில் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில், நான் செய்த ஒரு காரியம் செய்தபடியே நின்றது அதுதான்.

நான்கு நாளில் அந்த நூலும் அறுந்தது.

*

அரிசோனாவில் காலை ஒன்பது மணி என்றால் கரூரில் இரவு ஒன்பதரை. அப்பா சாப்பிட்டுவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பூச்சி வருகிறது என்று விளக்கைப் போட மாட்டார். வீடியோவில் அவர் முகம் பாதி இருட்டில் இருக்கும். வேலை இருந்த காலத்தில் அந்த நேரத்தில் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. அது மீட்டிங் நேரம். இப்போது கூப்பிட்டேன். "இன்னைக்கு லீவுப்பா. வண்டித் திரை ஒண்ணு கட்டினேன், நாலே நாள்ல அந்துபோச்சு."

"சட்டத்தக் காட்டு."

காட்டினேன்.

"காட்டினா எனக்கு என்ன தெரியும்? நூல் வர்ற துளையில விரல வெச்சுத் தடவு."

தடவினேன். மயிரிழை அளவுக்கு ஒரு கூர்மை விரலில் கீறியது.

"பிசிறு இருக்குதா? ஓட்டை போட்டவன் பிசிறு எடுக்காம உட்டுட்டான். பொடி அரம் இருந்தா அதுல, இல்லீன்னா உப்புத்தாளைக் குச்சியில சுத்தி உள்ள உட்டு ராவு. விரலுக்குத் தெரியாம ஆகோணும். கண்ணால பாக்காதே, கண்ணு ஏமாத்தும்."

எட்டுத் துளைகள். ஒவ்வொன்றாக ராவினேன். அவர் போனை வைக்கவில்லை. நடுவில் அவருடைய விமர்சனம் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு ஜன்னலுக்கு எதுக்கு இத்தனை நூலு? ஒரு ஸ்பிரிங் ராடப் போட்டு ரெண்டு தெரைய மாட்டுனா தீந்துச்சு. நம்ம ஆம்னி பஸ்ல எல்லாம் அப்படித்தான். அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன்னு பேரு."

நூலின் முனை பிசிறிப் பிசிறி மடிப்புகளின் துளைக்குள் போக மறுத்ததைப் பின்னாலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "எச்சி தொட்டா நிக்காது சாமி, அது பாலியஸ்டரு. முனையில மெழுகுவத்தியத் தேயி. தேச்சுட்டு பிளேடுல சாய்வா வெட்டு." வெட்டினேன். முப்பது மடிப்பும் ஊசியில்லாமல் ஒரே மூச்சில் கோர்த்தது.

"எத்தனை இழுத்துக் கட்டறதுப்பா?"

"கொசுவலை கட்டியிருக்கறியல்ல? வலை தொங்கவும் கூடாது, ஆணி பிடுங்கவும் கூடாது. அம்புட்டுத்தான்."

அந்தத் திரை இன்றுவரை அறுபடவில்லை.

*

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்து விண்ணப்பங்கள் அனுப்புவேன். ஏழரைக்கு மகனை ஸ்கூலில் விடுவேன். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் ஒரு திரையைக் கழற்றி வருவேன். எட்டரை, ஒன்பதுக்கு அப்பா. பிற்பகல் இன்டர்வியூ இருந்தால் மேஜையை ஒதுக்கிவிட்டுச் சட்டை மாற்றுவேன். மூன்று கம்பெனிகளில் கடைசிச் சுற்று வரை போய், "இப்போதைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறோம்" என்று பதில் வந்தது.

மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில் எண்கள் எழுதிக்கொண்டிருந்தாள். 31 என்று எழுதிய அன்று சண்டை வந்தது. நான் ஐந்தாவது திரைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பாதி நாள் போயாச்சு. நீ ஜன்னல் கட்டிட்டு இருக்க."

"விக்கணும்ல?"

"வாங்க வந்த ஆள் அப்புறம் போனே எடுக்கல. யாருக்கு விக்கப் போற? இப்ப யாரு வாங்குறா இதெல்லாம்? இம்மிக்ரேஷன்ல கேட்டா இந்த ஜன்னலக் காட்டுவியா?"

என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது உண்மை. 2021இல் எல்லோரும் வாங்கிய வண்டிகளை 2023இல் எல்லோரும் விற்கப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து உட்கார்ந்து சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பிடிக்காமல் துணியைப் பள்ளத்தில் நேராக ஏற்ற முடியாது. "உங்கப்பாகிட்ட சொல்லிடேன்," என்றாள். "தினமும் லீவுன்னு எத்தனை நாள் சொல்வ?"

சொல்லவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தூக்கம் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. கையில் கிரீஸ் ஆகக்கூடாது என்று பட்டறைக்குள்ளேயே விடாமல் படிக்கவைத்தவரிடம், படித்ததை வைத்துக்கொண்டு 60 நாளுக்கு மேல் ஓர் ஊரில் இருக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

நாற்பதாவது நாளோ நாற்பத்தொன்றோ. எட்டாவது திரையைச் சமையல் அடுப்புக்கு எதிர் ஜன்னலில் மாட்டிவிட்டு, வண்டிக்குள்ளிருந்தே அப்பாவுக்கு வீடியோ போட்டேன். காலை வெயில் பளீரென்று அடித்தது. மெல்லிய துணியை இறக்கிக் காட்டினேன். "பாத்தீங்களாப்பா, உள்ள இருந்து எனக்கு வெளிய எல்லாம் தெரியுது. வெளியில இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"ராத்திரி உள்ள லைட்டப் போட்டியானா?"

அது எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு... இல்லை, வாங்கின முதல் பயணத்திலேயே, ஒயிட் சாண்ட்ஸ் போகும் வழியில் ஒரு கடையின் பார்க்கிங்கில் தூங்கும்போது, கெட்டித் திரை அறுந்து விழுந்து, மெல்லிய துணியோடு இருந்தோம். உள்ளே விளக்கு எரிந்தது. வெளியே நடந்து போனவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனது எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் கதவைத் தட்டிச் சொன்ன பிறகு, மனைவி போர்வையை ஜன்னலில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் துணி எந்தப் பக்கம் இருட்டோ அந்தப் பக்கத்துக்காரருக்குத்தான் காட்டும்.

"அப்ப திருப்பிக்கும்ப்பா," என்றேன். "வெளிய இருக்கறவனுக்குத் தெரியும்."

"ம்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திண்ணை இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. "இது எத்தனாவது?"

"எட்டு."

"கண்ணு, வேலையில இருக்கறவன் ஒரு ஜன்னலோட நிறுத்தியிருப்பான். மிஞ்சிப் போனா ரெண்டு. எட்டு ஜன்னல் கட்டறவனுக்கு வேற வேலை இல்லைன்னு அர்த்தம்."

நான் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். போனைத் திருப்பிவைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எப்பலேருந்துப்பா தெரியும்?"

"மூணாவதுலயே நெனச்சேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அம்மாவுக்கு?"

"அவதான் மொதல்ல சொன்னா."

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். 60 நாள் கணக்கு, இன்டர்வியூக்கள், மகனின் ஸ்கூல். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. வந்தால் வா, மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறது என்றார். பையன் தமிழில் எழுத்துக்கூட்டுவானா என்று கேட்டார். பிறகு, ரொம்ப நேரம் கழித்து, "பிசிறெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கறே," என்றார். நான் கோடு எழுதி வாங்கிய எந்தப் பாராட்டையும் அவருக்குப் புரியவைக்க முடிந்ததில்லை. இந்த ஒன்றை அவராகவே சொன்னார்.

அன்று இரவு, ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக விடியும்வரை தூங்கினேன்.

*

வேலை கிடைத்தது 46ஆவது நாள். பழைய சம்பளத்தில் முக்கால்வாசி. புதிய கம்பெனியின் மனு பதிவாகி ரசீது வந்தபோது காலண்டரில் 55 என்று எழுதியிருந்தது. மனைவி அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, எடுத்து நீவி மடித்து பாஸ்போர்ட்டுகளோடு வைத்தாள். இன்னொரு முறை எண்ண வேண்டி வராது என்று யாரால் சொல்ல முடியும்?

வண்டி விற்கவில்லை. அந்தக் கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரியைத் தொட்டது. எங்கள் கணக்கில் 43 செல்சியஸுக்கு மேல். வண்டி திறந்தவெளியில் நின்றுகொண்டிருந்தது. ஆகஸ்டில் போய்ப் பார்த்தேன். உள்ளே நிற்க முடியவில்லை. எட்டுத் திரைகளும் விட்ட இடத்தில் இருந்தன.

ஒன்பதாவது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் இருக்கும் சின்ன ஜன்னல். எல்லாவற்றிலும் சுலபமானது என்று கடைசிக்கு வைத்திருந்தேன். 46ஆவது நாளில் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். முனை மூடியைக்கூட எடுக்கவில்லை. அதன்பின் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங். நூல் சுருளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இப்போது அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச்சு. நலம் விசாரிப்பு, மழை, மாத்திரை. எல்லாம் முடிந்து வைக்கப் போகும்போது கேட்பார்:

"அந்தக் கடைசி ஜன்னலக் கட்டிட்டியா?"

"இல்லப்பா. நேரமே இல்ல."

"செரி செரி," என்பார், சந்தோஷமாக. "அது கெடக்கட்டும்."